தப்பே வராத வாத்தியமா?



“எங்கே தட்டினாலும் இனிமைதான் சார், இதில் தப்பே வராது” என்று சொல்லி யாராவது ஒரு வாத்தியத்தை உங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ விற்க வந்தால், பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் சொல்லப் போவது இவ்வளவுதான். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வாத்தியத்தின் பெயர் ஹேண்ட்பேன். பெயர் தெரியாதவர்களும் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் கடற்கரைச் சாலையிலோ, ஆரோவில் போகும் வழியில் ஈ.சி.ஆர். ஓரத்துக் காபிக் கடையிலோ ஒரு இளைஞர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் ஓர் இரும்புச் சட்டியை வைத்து விரலால் தட்டிக்கொண்டிருப்பார். இரண்டு வாணலியை வாயோடு வாய் வைத்து ஒட்டினாற்போல இருக்கும். மேல்பக்கம் நடுவில் ஒரு குமிழ். அதைச் சுற்றி ஏழெட்டுக் குழிகள், குழிக்கு ஒரு ஸ்வரம். அடிப்பக்கம் ஓர் ஓட்டை. கோயில் மணியும் வீணையும் கலந்தாற்போல ஒரு நாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை மறுக்க நான் வரவில்லை.

இந்த வாத்தியத்தைப் பற்றி நம் ஊரில் இரண்டு கட்சிகள். “வெள்ளைக்காரன் பொம்மை” என்று ஒதுக்குகிற நம் வயதுக்காரர்கள் ஒரு கட்சி. “தப்பே வராது” என்று விற்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டோடும் எனக்கு வழக்கு உண்டு. முதலில் நம்மவர்களோடு முடித்துவிடுகிறேன்.

“மிருதங்கம் இல்லையா, கடம் இல்லையா, இது எதற்கு?” என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தச் சட்டி பிறந்ததே கடத்தால்தான். 1999-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனர், சபீனா ஷேரர் என்ற இருவர் பான்ஆர்ட் என்ற பட்டறையில் ஸ்டீல்பேன் செய்துகொண்டிருந்தார்கள். ரேட்டோ வெபர் என்ற தாளக் கலைஞர், கடம் வாசிப்பவர், அவர்களிடம் போனார். கடம் போல வெறுங்கையால் தட்ட வேண்டும், ஆனால் இரும்பாக இருக்க வேண்டும், சில ஸ்வரங்களும் பேச வேண்டும், செய்து தர முடியுமா என்று கேட்டார். அவர்கள் செய்து காட்டியதுதான் ‘ஹாங்’. பெர்ன் நகரத்துப் பேச்சுமொழியில் ஹாங் என்றால் கை. அதன் வழியில் மற்றப் பட்டறைகள் செய்தவற்றுக்கு வந்த பொதுப்பெயர்தான் ஹேண்ட்பேன். அடியில் இருக்கிற ஓட்டை வழியாக உள்ளே அடைபட்ட காற்று முழங்கும் வித்தை, கடத்தின் வாய் செய்கிற அதே வித்தை. நம் மானாமதுரைக் குயவர் வீட்டுப் பானையின் பேரன் என்று இதைச் சொன்னால் பெரிய பொய் ஆகாது. 1970-களில் விக்கு விநாயக்ராம் ‘சக்தி’ குழுவோடு உலக மேடைகளில் கடத்தை ஒலிக்கச் செய்தபோது நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்குப் பிறந்த பிள்ளையைக் கண்டு மூக்கைச் சுளிப்பானேன்?

மறுபக்கத்துத் தாத்தா ஸ்டீல்பேன். அது டிரினிடாட் தீவுக்காரர்களின் வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தோல் பறைகளை 1880-களில் ஆங்கிலேய அரசு அடக்கியது. அவர்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு பிஸ்கட் டின், அதற்குப் பிறகு எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, குழிக்கு ஒரு ஸ்வரம் எடுத்தார்கள். டிரினிடாடுக்கு வடக்கே சில தீவுகள் தள்ளி இருக்கிற மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத்தான் 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் சனங்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். டிரினிடாடுக்கும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்கள் போனார்கள். ஆகவே இது எங்கோ ஒரு பணக்காரப் பிள்ளையின் விளையாட்டுச் சாமான் அல்ல. வாயை அடைத்தபோது தகரத்தால் பேசிய மக்களின் மூளையில் பிறந்தது.

நான் குடியிருக்கும் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர், 1922-ல் புதுச்சேரியில் காலமானவர். அவர் நாடகங்களை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனது எது? ஆர்மோனியம். அது யாருடையது? 1840-களில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற பெட்டி, பிறகு கல்கத்தாவில் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி மாற்றப்பட்டது. அதையும் ‘அந்நியம்’ என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கித்தான் வைத்தது. தடை போனது, பெட்டி இருக்கிறது. வயலினைப் பாலுஸ்வாமி தீட்சிதர் எடுத்தபோதும், மாண்டலினைச் சிறுவன் ஸ்ரீநிவாஸ் எடுத்தபோதும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டியலில் நாம் சேர வேண்டாம்.

நம்மவர்கள் வழக்கு முடிந்தது. இனி விற்கிறவர்கள்.

எந்த வாத்தியத்திலும் சுருதி கலைந்தால் சரிசெய்ய ஒரு வழி உண்டு. வீணைக்குப் பிரடையைத் திருகலாம். மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லும் குச்சியும் கொண்டு தட்டிச் சேர்க்கலாம். ஆர்மோனியத்தைத் திருக முடியாது, ஆனால் பன்னிரண்டு ஸ்வரமும் அதில் இருக்கின்றன, எந்தக் கட்டைக்கும் எந்த ராகத்துக்கும் போகலாம். ஹேண்ட்பேனில் இந்த இரண்டும் இல்லை. ஆரம்பக்காரர்களுக்கு விற்கப்படுவதில் பெரும்பாலும் ஒன்பது ஸ்வர இடங்கள். எந்த ஒன்பது என்பதைப் பட்டறையில் ஒருவர் சுத்தியலால் தீர்மானித்துவிட்டார். வாங்கியவர் மாற்ற முடியாது. கலைந்தால், அதே தொழில் தெரிந்த ஒருவர் மறுபடி சுத்தியலை எடுத்தால்தான் உண்டு. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாத வாத்தியம் என்று ஒன்று இருக்குமானால் அது இதுதான். இதைத்தான் ‘ஆரம்பக்காரர் யோசிக்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம்’ என்று விற்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டால் “டி குர்ட்”, “ஹிஜாஸ்”, “செல்டிக்”, “பிக்மி” என்று ஸ்கேல் பெயர்களை அடுக்குவார்கள். குர்டும் ஹிஜாஸும் அரபு, துருக்கி இசையின் பெயர்கள். வாங்க வருகிற பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. “முதல் தடவைக்கு டி குர்ட்தான் சார், எல்லாரும் அதுதான் வாங்குகிறார்கள்” என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு வாங்கி வருவார்கள். அது என்ன என்று நம் பாஷையில் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்களுக்குப் பாட்டு வகுப்பு என்றால் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி. இங்கிலீஷ்காரர் சொல்லும் ‘சி’ எங்களுக்குத் தோ, அவர்கள் ‘டி’ எங்களுக்கு ரே. நம் ச-ரி-க-ம மாதிரி இடம் மாறாது. எங்கே பாடினாலும் ரே என்றால் ரேதான், நம் கணக்கில் இரண்டு கட்டை. ‘டி குர்ட்’ என்ற சட்டியில் நடுக்குமிழ் ரே. சுற்றி வருபவை லா, சி பெமோல், தோ, ரே, மி, ஃபா, சோல், லா. நடுக்குமிழை ஸட்ஜமாக வைத்தால் இது நடபைரவியின் ஸ்வரங்கள், இருபதாவது மேளம். நல்ல ராகம், கொஞ்சம் ஏக்கமான ராகம். ஆனால் கவனியுங்கள்: ஸட்ஜத்துக்குப் பிறகு நேரே பஞ்சமத்துக்குத் தாவுகிறது. கீழ் ஸ்தாயியில் ரி, க, ம கிடையாது. மேல் ஸட்ஜத்திலிருந்து ஏறினால் பஞ்சமத்தோடு நின்றுவிடும், த, நி கிடையாது. ஆக, ச முதல் மேல் ச வரை ஒரே ஏறுவரிசையில் ஏற முடியாது. நம் பிள்ளைகள் முதல் நாள் பாடுகிற சரளி வரிசையைக்கூட அதில் முழுசாக வாசிக்க முடியாது. மாயாமாளவகௌளைக்கோ வழியே இல்லை. கமகம் கேட்கவே வேண்டாம். தட்டிய ஸ்வரத்தை வளைக்க இரும்பு சம்மதிக்காது.

இதெல்லாம் அந்த வாத்தியத்தின் குறை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எல்லை. நாகஸ்வரத்தில் சேர்ந்தாற்போல இரண்டு ஸ்வரம் வராது, அதனால் நாகஸ்வரம் குறைந்துபோகவில்லை. எல்லையைச் சொல்லி விற்றால் வியாபாரம். மறைத்து விற்றால் அதற்கு வேறு பெயர்.

ஒரு சாதாரண கேள்வி. பாட்டு வகுப்பில் மோகனத்தில் நாலு பாட்டுத் தெரிந்துகொண்ட பெண்பிள்ளை டி குர்ட் வாங்கி வந்தால் என்ன செய்வாள்? தன் பாட்டை ரே-யிலிருந்து தேடுவாள், கிடைக்காது. அந்தர காந்தாரம் அங்கே இல்லை. ஃபாவை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களும் அதே சட்டியில் ஒளிந்திருக்கின்றன, கிரக பேதம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ரே-யிலிருந்தே தொடங்கினால் சுத்த தன்யாசியின் ஐந்தும் கிடைக்கும். இதை எந்தக் கடைக்காரராவது அவளுக்குச் சொன்னாரா? “தட்டினாலே மனசு அமைதியாகிவிடும்” என்றுதான் சொல்லியிருப்பார். மன அமைதிக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம், வெளிநாட்டுப் பட்டறை என்றால் லட்சத்துக்கு மேல். நம் சித்தானந்த சுவாமி கோயில் மண்டபத்தில் அரை மணி உட்கார்ந்தால் அது இலவசம்.

இப்போது ‘தப்பே வராது’ என்ற வாசகத்துக்கு வருகிறேன். ஒன்றோடொன்று உறுத்தாத ஸ்வரங்களாகப் பொறுக்கி வைத்திருப்பதால் எதைத் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது, அந்த அளவுக்கு உண்மை. ஆனால் தப்பு என்பது ஸ்வரத்தில் மட்டுமா இருக்கிறது? தாளம் ஓடும், தப்பு. ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்ததைக் கொட்டினால் எல்லாம் சேர்ந்து இரைச்சலாகும், தப்பு. விரல் நுனியால் தொட்டு உடனே எடுக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கையால் அறைந்தால் நாதம் செத்துவிடும், அதுவும் தப்பு. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. ஆக, இதிலும் தப்பு வரும், நிறையவே வரும். அதைத் தப்பு என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதுதான் வித்தியாசம். சொல்லிக்கொடுக்காத பிள்ளை முதல் வாரம் மயங்கும், இரண்டாம் வாரம் அதையே தட்டும், மூன்றாம் மாதம் அது கட்டிலுக்கு அடியில் போகும். மூன்று ஜாங்கிரிக்கு மேல் யாருக்கு இறங்கும்?

இது வீண் பேச்சு அல்ல என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு சாட்சி. ஒரு பையன், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பா கொத்தனார். வீட்டில் இதற்கு முன் யாரும் வாத்தியம் தொட்டதில்லை. சம்பளத்தில் மாதத் தவணை கட்டி முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு ஹேண்ட்பேன் வரவழைத்தான். யார் விற்றார்கள் என்பது இங்கே வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல என் வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

“தாத்தா, இதுல ஒரு எடம் மட்டும் அழுவுற மாதிரியே இருக்கு. ஊட்ல யாருக்கும் தெரியல. என் காதுதான் சரியில்லையா?”

வாசிக்கச் சொன்னேன். அவன் காது சரியாகத்தான் இருந்தது. சி பெமோல் கீழே இறங்கிக் கிடந்தது. அவன் செல்பேசியிலேயே சுருதி பார்க்கிற செயலி ஒன்றை இறக்கிப் பார்த்தோம். இருபத்தைந்து சென்ட் குறைவு. ஓர் அரைஸ்வரத்தை நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் சென்ட். கால் அரைஸ்வரம் இறங்கியிருந்தால் எந்த ஆர்மோனியக்காரருக்கும் பல் கூசும். விற்றவரிடம் முன்பே கேட்டிருக்கிறான். “கையால் செய்தது அப்படித்தான் இருக்கும், வாசிக்க வாசிக்கச் செட் ஆகிவிடும், எல்லா ஸ்வரமும் இனிமையானதுதான்” என்று பதில். வாசிக்க வாசிக்க இரும்பு தானாகச் சுருதி சேர்ந்ததாக உலகத்தில் வழக்கம் இல்லை. வாசிக்க வாசிக்கக் கலையும், அதுதான் வழக்கம்.

பணம் போனதைவிட என்னை உறுத்தியது அவன் கேட்ட கேள்வி. மூன்று மாதம் அந்தப் பிள்ளை தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். வாத்தியத்தில் தப்பே வராது என்று சொல்லிவிட்டால் தப்பு எங்கே போகும்? வாங்கியவன் தலையில்தான் விழும். முதல் தலைமுறையாக ஒரு வாத்தியத்தைத் தொடுகிற பிள்ளையிடம் இருக்கிற ஒரே சொத்து அவன் காதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு போகிற வாசகம் இது. அதனால்தான் இதை வெறும் விளம்பரப் பேச்சு என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு புளுகையும் சொல்லிவிடுகிறேன். “இது 432 சார், இயற்கையோட அதிர்வு, 440 எல்லாம் செயற்கை” என்று கூடுதல் விலை கேட்பார்கள். லா ஸ்வரம் விநாடிக்கு எத்தனை தடவை அதிர வேண்டும் என்பதை எந்த ரிஷியும் சொல்லவில்லை, சர்க்கார்கள் சொல்லியிருக்கின்றன. பிரான்சில் 1859-ல் அரசாணை போட்டு 435 என்று வைத்தார்கள். பிறகு உலகம் முழுக்க 440 என்று ஒப்புக்கொண்டார்கள். குமாஸ்தாவாக இருந்த எனக்கு நன்றாகவே தெரியும், அரசாணையில் வருவது வசதிக்கான எண், வேதவாக்கு அல்ல. 432-க்குச் செய்த சட்டியை 440-ல் இருக்கும் ஆர்மோனியத்தோடும் கீபோர்டோடும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். ஏறக்குறைய முப்பத்திரண்டு சென்ட் வித்தியாசம், அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. யாரோடும் சேர்ந்து வாசிக்க முடியாமல் பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும். அதற்கும் கூடுதல் காசு.

மூன்றாவது ஏமாற்று, பெயர் மாற்றம். ‘ஹேண்ட்பேன், மூவாயிரம் ரூபாய்’ என்று படம் போட்டு வருபவை ஹேண்ட்பேன் அல்ல. தகட்டில் நாக்கு நாக்காக வெட்டிவிட்ட டங் டிரம். அதன் முன்னோடியை 2007-ல் அமெரிக்காவில் டெனிஸ் ஹாவ்லெனா என்பவர் பழைய எரிவாயு உருளையை அறுத்துச் செய்தார். அதுவும் நேர்மையான வாத்தியம்தான். சின்னக் குழந்தைக்கு நான் அதைத்தான் சொல்வேன். கீழே விழுந்தாலும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. ஆனால் அது வேறு, இது வேறு. மேலே வெட்டுக்கோடு தெரிந்தால் டங் டிரம், வெட்டே இல்லாமல் குழி மட்டும் இருந்தால் ஹேண்ட்பேன். இந்த ஒரு அடையாளம் போதும்.

சரி, குறை சொல்லியாயிற்று, எப்படித்தான் வாங்குவது என்று கேட்பீர்கள். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மர மேசை வாங்க மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், மேலே இரண்டு கையெழுத்து வேண்டும். எங்களைச் சிரிக்காதவர்கள் இல்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சட்டிக்கு ஒரு விரல் தொடலில் பணம் அனுப்புகிற இந்தக் காலத்தில் அந்தப் பழைய நடைமுறையின் அருமை தெரிகிறது.

முதல் காரியம், வாங்காமல் இருப்பது. மூன்று மாதம் பாடட்டும். நல்ல குரல் வேண்டாம், சுருதிப் பெட்டியோடு ச-ப-ச சேர்ந்தால் போதும். ஆதி தாளத்தைக் கையில் போட்டு நிற்காமல் பத்து நிமிடம் பிடிக்கட்டும். விரலுக்கு வேலை வேண்டுமானால் ஒரு கடம் வாங்கிக் கொடுங்கள், சில ஆயிரத்துக்குள் முடியும், அதில் பழகின விரல் இதிலும் உதவும். மூன்று மாதத்தில் ஆசை ஆறிவிட்டால் பணம் மிச்சம். ஆறாவிட்டால் காது தயார்.

இரண்டாவது, சட்டியைப் பார்க்குமுன் ராகத்தைத் தீர்மானிப்பது. எந்தப் பாட்டு அவனுக்குப் பிடிக்கும்? அதன் ஸ்வரங்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போகட்டும். அவை இருக்கிற ஸ்கேலைக் கேட்கட்டும். மேஜர் என்று சொல்லப்படுவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மைனர் நடபைரவி. ஒன்பது ஸ்வரம் முதலுக்குப் போதும். பதினெட்டு, இருபது என்று அடியிலும் குழி வைத்தவை வித்வான்களுக்கு. சுருதி 440-ஆக இருக்கட்டும்.

மூன்றாவது, நேரில் தொட்டுப் பார்ப்பது. ஒவ்வொரு குழியையும் மெல்லத் தட்டுங்கள், பிறகு கொஞ்சம் பலமாக. பலமாகத் தட்டும்போது ஸ்வரம் நடுங்கினாலோ பிதுங்கினாலோ வேண்டாம். ஒன்றைத் தட்டும்போது பக்கத்தது தேவையில்லாமல் கத்தினால் வேண்டாம். செல்பேசிச் செயலியை வைத்து ஒன்பதையும் பாருங்கள். நன்றாகச் செய்த குழியில் ஸ்வரம் தனியாக ஒலிக்காது. அதன் மேல் ஸ்தாயியும், அதற்கும் மேல் பஞ்சமமும் கூடவே சன்னமாகக் கேட்கும். அதிர்வுக் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று. இந்த மூன்றும் சேர்ந்து நின்றால்தான் அந்த மணி நாதம். நேரில் போக முடியாவிட்டால், அனுப்பப் போகும் அதே சட்டியை, ஒவ்வொரு ஸ்வரமாக, எதிரொலி சேர்க்காமல் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

நான்காவது, நம் ஊர்க் காற்று. சைக்கிள் ரிம்மும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கிற ஊரில் இரும்பு வாங்குகிறோம். நைட்ரைடு செய்த எஃகு என்றால் நாதம் சீக்கிரம் அடங்கும், வேகமாக வாசிக்கிறவர்களுக்கு நல்லது, ஆனால் துருவுக்கு அதிகம் பயப்பட வேண்டும். எவர்சில்வர் வகை துருவை ஓரளவு தாங்கும், நாதம் நீளமாக நிற்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைப் பார்க்கலாம். எதுவானாலும் வாசித்ததும் வியர்வையைத் துடைத்து, அவ்வப்போது எண்ணெய் தடவ வேண்டும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சூட்டில் சுருதி இறங்கும், ஒட்டும் விடலாம்.

ஐந்தாவது, கலைந்தால் யார் சரிசெய்வார், எத்தனை நாள் ஆகும், என்ன செலவு என்று எழுத்தில் வாங்குவது. வாய்ப்பேச்சு செல்லாது. முதல் வருடம் ஒரு தடவை சுருதி சேர்த்துத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போடாதவரிடம் வாங்க வேண்டாம். எங்கள் தெருப் பையனிடம் அப்படி ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் கதை வேறு.

விற்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பட்டறையில் உட்காரவைத்து, ஒரு மணி நேரம் வாசிக்கவிட்டு, “உனக்கு இது இப்போது வேண்டாம்” என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. 2003-ல் ஆரோவில்லில் தொடங்கிய ‘ஸ்வரம்’ பட்டறையில் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளே வாத்தியம் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பது நம் பக்கத்துக்குப் பெருமை. சுத்தியல் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், தப்பு எவ்வளவு சுலபமாக வரும் என்று. தப்பே வராது என்று சொல்வது பெரும்பாலும் சுத்தியலே பிடிக்காதவர்கள்.

கடைசியாக மறுபடி நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேலி செய்வதை விட்டுவிட்டு, நம்மிடம் இருப்பதைக் கொடுப்போம். பாதிப் பேர் வீட்டில் சுருதிப் பெட்டி தூங்குகிறது. பஜனை மடத்தில் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள் பூட்டு. தாளம் போடத் தெரிந்த கைகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் வாங்கப் போகுமுன் கூடப் போய், அந்த ஒன்பது குழியையும் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிக் கேளுங்கள். காதில் உறுத்தினால், கடைக்காரர் என்ன சொன்னாலும், உறுத்துகிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது போதும். தன் காதை நம்பலாம் என்று அங்கேயே கற்றுக்கொண்டுவிடுவான், வாத்தியம் அப்புறம் வரட்டும்.